கொக்கின் கடைசிப் படமும் பாலை விறகும்

என்னைக் கொல்லப்போவதாகச் சொல்ல இயக்குநர் பேசாலையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தபோது கையில் கட்டா மீன் கருவாட்டுப் பார்சல் ஒன்று இருந்தது. வழமையாக வெறுங்கையோடு வந்து இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். கருவாட்டைக் கண்டதுமே விஷயம் பாரதூரமானது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. இந்தப் படத்தோடை கொக்கை முடிச்சு விடுவம்."

"முடிக்கிறதெண்டால்?"

"சாக்காட்டுறதுதான்."

கொக்கு என்பது நான். அதாவது, ஒன்பது படங்களாக நான் நடித்துவந்த உளவாளியின் இரகசியப் பெயர். இயக்குநருக்கு உண்மையான தொழில் கலியாணம், கிறிஸ்தவப் பிள்ளைகளின் முதல் நன்மை, செத்தவீடு மூன்றையும் வீடியோ எடுப்பது. கமரா சும்மா கிடக்கும் நாட்களில் நாங்கள் உளவுப் படம் எடுத்தோம். முதல் மூன்றையும் துணி கட்டி ஊர் ஊராகப் போட்டோம். பிறகு சீடியாக விற்றோம். இப்போது இணையத்தில் ஏற்றுகிறோம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பேசாலைச் சனம் பூசை முடிந்து வந்து, வெளியே பனி கொட்டும்போது, எங்கள் வெயிலைப் பார்ப்பதற்காக அவற்றைப் பார்க்கிறது. கதைக்காக யாராவது பார்த்ததாக எனக்குத் தகவல் இல்லை.

கொக்கு எந்த அரசாங்கத்துக்கு உளவு பார்க்கிறார் என்று ஒரு படத்திலும் சொன்னதில்லை. அதைச் சொல்லப் போனால் இந்தப் பக்கத்தில் படமே எடுக்க ஏலாது. அவர் மஞ்சள் கடத்துகிறவர்களைப் பிடித்தார், டீசல் திருடுகிறவர்களைப் பிடித்தார், ஒரு படத்தில் கடலட்டை களவெடுத்தவர்களைப் பிடித்தார். முதற் படத்தில் நான் ஒற்றைக் காலில் நின்று தொலைநோக்கியால் கடலைப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. மற்றக் காலில் முள் ஏறியிருந்தது. இயக்குநர் அதை நடிப்பென்று எண்ணிப் பூரித்துப்போய் அந்தப் பெயரை வைத்தார்.

நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். இடைக்கிடை பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். வீட்டு அலுமாரி நிறைய உலக இலக்கியம் இருக்கிறது. இவ்வளவு வாசித்த மனிதன் ஏன் பேசாலைக் கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடினான் என்று கேட்டால், யாரும் என்னை வேறு எதற்கும் கூப்பிடவில்லை என்பதுதான் பதில்.

"ஏன், என்னிலை என்ன பிழை?" என்று இயக்குநரிடம் கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான்.

"பிழை எண்டில்லை அண்ணை. போன படத்திலை கடத்தல்காரன் ஓடுறதை விட்டிட்டு ரெண்டு தரம் உங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிண்டவன். அதை லண்டனிலை ஒருத்தன் கண்டுபிடிச்சு எழுதிப்போட்டான். 'அங்கிள் ஓடுறாரோ நடக்கிறாரோ' எண்டும் கேட்டிருக்கிறான்."

"முழங்கால்."

"தெரியும் அண்ணை. அதுதான் என்ரை தங்கச்சியின்ரை மகனை அடுத்த கொக்காய் விடுவம் எண்டு."

இயக்குநரின் அந்த மருமகனை எனக்குத் தெரியும். இருபத்தாறு வயது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்கும்படி தசை வளர்த்து வைத்திருக்கிறார். நல்ல பிள்ளை. நான் சரி என்றேன். மனைவி உள்ளே இருந்து கருவாட்டை வாங்கிக்கொண்டு போனாள். இவ்வளவு காலம் செய்த ஒன்று முடிகிறதே என்று ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதற்கு முந்திய வருடம் அம்மா செத்ததில் இருந்து எனக்கு அப்படித்தான் இருந்தது. சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினால் கால் விறைத்துக் கிடக்குமே, ஊன்றினாலும் தரை தெரியாதே, அந்த மாதிரி. காலென்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

இங்கே என் அண்ணரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உயிலங்குளத்தில் வயல் செய்கிறார். நான் வேலையோடும் மனைவியோடும் முருங்கனுக்கு வந்துவிட்டவன். பஸ்ஸில் ஏறி இருந்து ஒரு கொட்டாவி விட்டால் ஊர் வந்துவிடும். ஆனால் எங்கள் இருவருக்கும் ஆறு படங்களாகப் பேச்சில்லை.

மூன்றாவது படத்துக்கு வில்லன் கிடைக்கவில்லை. அண்ணருக்கு மீசையும் குரலும் இருந்தன. கேட்டோம், சம்மதித்தார். சந்தோஷமாகத்தான் நடித்தார். கடைசிக் காட்சியில் கொக்கு வில்லனின் கன்னத்தில் அறைய வேண்டும். நான் காற்றில்தான் கையை வீசினேன். அவர் முகத்தை அழகாகத் திருப்பினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. இயக்குநர் வீட்டுக்குக் கொண்டுபோய், கலியாண வீடியோவில் தாலி கட்டுவதை மூன்று பக்கத்தால் மூன்று தரம் காட்டுகிற தன் பழக்கத்தில், அந்த அறையையும் மூன்று தரம், மெதுவாக, இடி முழங்கும் சத்தத்தோடு ஒட்டிவிட்டார்.

உயிலங்குளம் வாசிகசாலைக்கு முன்னால் துணி கட்டிப் படம் போட்டபோது, தம்பியிடம் அண்ணன் அடி வாங்குவதை ஊர் மூன்று தரம் பார்த்தது. "இன்னொருக்காப் போடு!" என்று பின்னுக்கிருந்து கத்தினார்கள். இயக்குநர், கலைஞன் அல்லவா, இன்னொருக்காப் போட்டார். அண்ணர் எழும்பினார். வீட்டில் இருந்து தான் கொண்டுவந்த கதிரையை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றையில் இருந்து என்னோடு ஒரு சொல் இல்லை.

அம்மாவின் செத்தவீட்டுக்கு இருவரும் நின்றோம். தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது வழமையென்பதால் கொள்ளிக் குடம் என் தோளில் இருந்தது. அண்ணர் எனக்குப் பக்கத்தில், வேட்டி உரசுகிற தூரத்தில் நின்றுகொண்டு, கிரியை செய்தவரைப் பார்த்துச் சொன்னார்: "குடத்தை விழுத்தாமல் பிடிக்கச் சொல்லு." கிரியை செய்தவர் என்னைப் பார்த்து, "விழுத்தாமல் பிடிக்கட்டாம்" என்றார். நான் அவரிடம், "பிடிச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். இப்படியே அம்மாவை எரித்து முடித்தோம்.

எங்கள் பக்கத்தில் பேச்சில்லாதவர்கள் கலியாணத்துக்கு வரமாட்டார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் வரமாட்டார்கள். செத்தவீட்டுக்கு மட்டும் வந்துவிடுவார்கள். அதற்கும் வராமல் விட்டால் உறவு அறுந்துபோனது என்று அர்த்தம். அம்மாவுக்காக அண்ணர் வந்தார். எனக்காக வருவாரா என்பது எனக்குத் தெரியாது. நான் சாகாமல் அதை அறிந்துகொள்ள ஒரு வழியும் இருக்கவில்லை. சில இரவுகளில் நித்திரை வராமல் இதை யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். வேறு எதைப் பற்றியும் யோசிக்காத மனது இதை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசிப் படத்துக்கு வருகிறேன். கொக்கு தனியே ஒரு படகில் கடத்தல்காரரைத் துரத்திப் போவார். தூரத்தில் புகை எழும்பும். புகைக்குப் பழைய டயர் ஒன்றைக் கரையில் எரிப்பது. உடல் கிடையாது. உடலைக் காட்டினால் அடக்கம் காட்ட வேண்டும். அடக்கம் காட்டுவதென்றால் கொக்கு கிறிஸ்தவ வேதமா சைவமா என்ற கேள்வி வரும். இயக்குநருக்கு மாதா கோயில் மணி அடிக்க வேண்டும், என் மனைவிக்கு என் நெற்றியில் திருநீறு இருக்க வேண்டும். ஒன்பது படமாகத் தீராத இந்தச் சிக்கலைக் கடல் தீர்த்துவைத்தது.

பேசாலைக் கரையில் என் கடைசி நடை. "அண்ணை, திரும்பிப் பாக்காமல் போங்கோ. அதுதான் உருக்கம்," என்றார் இயக்குநர். திரும்பிப் பார்க்கச் சொல்லியிருந்தாலும் கழுத்து திரும்பியிராது. படகடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"கொக்கர், கவனமாய் ஏறுங்கோ! வழுக்கும்!"

"இந்த வயசிலை இவருக்கு ஏனடி கடத்தல்காரன்? வீட்டிலை மனுசி கலைச்சுப்போட்டாவோ?"

முழங்கால் மடங்காததால் படகுக்காரர் இருவர் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள். படகு கொஞ்சத் தூரம் போய்த் திரும்பியது. நான் கண்ணாடியைக் கழற்றி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்து மருமகனிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒரு காட்சி. புதிய கொக்கு முருங்கன் சந்தியில் பஸ்ஸால் இறங்குவார். அங்கே பழையவரின் படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருக்கும். அவர் நின்று பார்த்து, கண்ணாடியைக் கழற்றுவார். படம் முடியும்.

பதாகையை இயக்குநர் வழமையாகச் செத்தவீட்டுக்காரருக்காக அடிக்கிற கடையில் கொடுத்தார். என் படத்தைக் கொடுத்து, பெயர் 'கொக்கு' என்று எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் பண்பானவர். இறந்துபோன ஒரு மனிதரைச் சந்தியில் தொங்கவிட்டுக் கொக்கு என்று போடுவது மரியாதை இல்லை, யாரோ பகிடிக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அம்மாவின் பதாகையும் அந்தக் கடையில் நான்தான் அடிப்பித்தது, என் முகம் அவருக்கு நினைவிருந்தது. அதிலே பிள்ளைகளின் பெயர் விபரம் எல்லாம் இருந்தது. எடுத்துப் பார்த்து, கொக்கை அழித்துவிட்டு, ஒழுங்காகப் போட்டுவிட்டார்: உயிலங்குளத்தைப் பிறப்பிடமாகவும் முருங்கனை வதிவிடமாகவும் கொண்ட, என்று தொடங்கி, தகப்பன் பெயர், என் பெயர், கந்தோர், பதவி எல்லாம். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

இயக்குநர் அதை இருளில் கட்டினார். விடியற்காலை வெளிச்சத்தில் மருமகனை இரண்டு தரம் பஸ்ஸால் இறக்கி எடுத்தார். அவருடைய கண் மருமகனில் இருந்ததே தவிர எழுத்தில் இல்லை. எடுத்து முடிந்ததும் ஒரு முதல் நன்மை வீடியோவுக்கு நேரம் போய்விட்டதென்று, பின்னேரம் வந்து அவிழ்க்கலாம் என்று பதாகையை அப்படியே விட்டுவிட்டுப் பேசாலைக்குப் பறந்தார்.

நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முதல் அழைப்பு வந்தது. தூரத்து உறவு ஒருவர். அவரிடம் இருந்தது என் இலக்கம் மட்டும்தான்.

"தம்பி, கேள்விப்பட்டன். பெரிய கவலை. பிரேதம் எத்தனை மணிக்கு எடுக்கினம்?"

"ஆரை?"

"உன்னைத்தான்... ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"அப்ப இண்டைக்கு எடுக்கேல்லையோ?" என்றார்.

"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றேன்.

அதன் பிறகு கைபேசி ஓயவில்லை. யாரோ பதாகையைப் படம் பிடித்து எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் வந்தது. பார்த்தேன். இந்தப் படத்தை விட நல்லது ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கந்தோரில் இருந்து தலைமை எழுதுவினைஞர் மலர்வளையத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கேற்றைத் திறந்தது நான். மனிதர் வளையத்தைக் கீழே போடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐசே, அப்ப இதை என்ன செய்யிறது? கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்."

"வைச்சிட்டுப் போங்கோ. எப்பவும் தேவைப்படும்."

"கந்தோருக்கு அரை நாள் லீவு குடுத்தாச்சு," என்றார். குரலில் கவலை உண்மையாகவே இருந்தது.

அவர் போனதும் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். காலையில் இருந்து கேற்றுக்கும் போனுக்கும் நடந்து களைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாருக்கும் பகிடி விட்டது காணும். ஊருக்குச் சொன்னீங்களோ?"

"ஊரிலை ஆருக்கு?"

"ஆருக்கெண்டு கேக்கிறீங்கள். உங்கட அண்ணருக்கு."

நான் மலர்வளையத்தைத் தூக்கி விறாந்தைச் சுவரில் சாத்தினேன்.

"அவர் நெஞ்சு வருத்தக்காரன். மாசம் மாசம் இஞ்சை ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்துக் குளிசை எடுக்கிற மனிசன். இதைக் கேட்டு ஏதும் நடந்தால்?"

"என்னட்டை அவரின்ரை நம்பர் இல்லை."

"என்னட்டை இருக்கு."

"கொஞ்சம் பொறும்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என்ன காரணத்துக்காகப் பொறுக்கச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தானே போன் எடுத்தாள். மணி அடித்தது, அண்ணர் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள். அதற்கும் இல்லை. அண்ணியின் போனும் எடுபடவில்லை. நான் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, மலர்வளையத்துக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எத்தனையோ பஸ் போனது. ஒன்றும் நிற்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி, ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில் வந்துகொண்டிருந்தார் அண்ணர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. பெட்டி நிறைய விறகு. பாலை விறகு, நன்றாகக் காய்ந்தது, ஓரம் அரிந்து அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியது. என்னை எரிக்க.

கேற்றடியில் வந்து எஞ்சினை நிற்பாட்டினார். நிமிர்ந்து பார்த்தார். நான் எழும்பி நின்றேன். கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் முகத்தில் கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய அதிக நேரம் எடுத்தது. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பிள்ளை, விறகை எங்கை இறக்கிறது?"

"அண்ணை, இவர் இருக்கிறார்... அது படத்துக்கெண்டு கட்டினது..."

"தெரியுது. எனக்கும் கண் இருக்குத்தானே." கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். "இருக்கிற ஆளுக்கும் சோறு காய்ச்ச விறகு வேணும். திருப்பிக் கொண்டு போகேலாது. ஒருத்தருக்கெண்டு ஏத்தின விறகை வீட்டுக்குத் திருப்பிறேல்லை. அந்த ஆளை வந்து பிடிக்கச் சொல்லு."

"உங்களை வந்து பிடிக்கட்டாம்," என்றாள் மனைவி, அவளும் பழகிவிட்டாள்.

போனேன். அவர் பெட்டியில் ஏறி நின்று ஒவ்வொரு கட்டையாகத் தந்தார். நான் வாங்கி மதிலோரம் அடுக்கினேன். பாலை கனமான மரம். கட்டை கை மாறும்போது இரண்டு பக்கமும் இருவரும் பிடித்திருக்கிற ஒரு நொடி வரும். பிறகு அவர் விடுவார். சிதையின் அடிக்குப் போடுகிற நீளக் கட்டைகளும் இருந்தன. என் உயரத்துக்கு அவை அதிகம். அண்ணர் என்னை உயரமான ஆளாக நினைத்து வைத்திருக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். எல்லாம் இறக்கி முடிந்தது. அவர் பெட்டியைத் தட்டித் தூசியை உதறினார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார்.

லாண்ட்மாஸ்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"படத்திலை நீ செத்திட்டியோ?"

ஆறு படங்களுக்குப் பிறகு. இடையில் ஆள் இல்லாமல்.

"ஓம் அண்ணை."

"இனி வரமாட்டாய்?"

"வரமாட்டன்."

"நல்லது," என்றார். எஞ்சினில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். எஞ்சின் பிடித்தது. போய்விட்டார்.

அழுகையோ சிரிப்போ ஏதாவது வரும் என்று மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கை முழுக்க மரச் சிராய். அதைத்தான் பார்த்தேன்.

பொழுதுபடும் நேரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. மனைவி கேட்டுவிட்டு வந்து, படியில் இருந்துகொண்டு சொன்னாள். செய்தி வந்தபோது அண்ணர் காலைச் சாப்பாட்டுக்கு இருந்தாராம். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாராம். வளவின் பின்கோடிக்குப் போய் விறகை ஏற்றத் தொடங்கினாராம். போன வருடக் காற்றில் வேலியில் விழுந்த பாலை மரம் அது. நெஞ்சு வருத்தம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, தனக்கென்று தானே தறித்துக் காயவைத்திருந்தாராம். அண்ணி பின்னால் போய், "அது உங்களுக்கெண்டு வைச்சதெல்லோ" என்று கேட்டிருக்கிறாள்.

"அவன் முந்திட்டான்," என்றாராம்.

நீளக் கட்டைகள் ஏன் நீளமென்று அப்போது விளங்கியது. அவர் என்னை விட உயரம்.

படம் வெளியாகிவிட்டது. கடைசிக் காட்சியில் மருமகன் கண்ணாடியைக் கழற்றுவது நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் பதாகையில் என் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்து வெளிநாட்டில் இருந்து எனக்கு இரண்டாம் தரமும் அனுதாபம் வந்தது. அடுத்த படத்துக்குப் பூசை போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போய் முன் வரிசையில் இருந்துவிட்டு வந்தேன்.

விறகு மதிலோரம் இருக்கிறது. மனைவி காஸ் அடுப்பில்தான் சமைக்கிறாள். ஒரு கட்டையிலும் கை வைப்பதில்லை, வைக்கவும் சொல்லவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது? இது உங்களுக்குத் தேவைப்படும் என்றா? மழைக்கு முந்தித் தகரம் வாங்கி மூடினேன். கறையான் ஏறாமல் அடியில் கல் வைத்தேன். உலக இலக்கியம் இருக்கிற அலுமாரிக்குக் கூட நான் அப்படிக் கல் வைத்ததில்லை.

அண்ணர் முந்தி ஆஸ்பத்திரிக்கு வருகிற நாட்களில் எங்கள் வீட்டை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்து போவார். இப்போது கேற்றடியில் சைக்கிளை நிற்பாட்டி ஒரு காலை ஊன்றுகிறார். உள்ளே வருவதில்லை.

"விறகு நனையுதோ?"

"இல்லை அண்ணை. மூடியிருக்கு."

"ம்."

பிறகு குளிசைப் பையைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு மிதிக்கிறார். அடுத்த மாதமும் வந்து அதையேதான் கேட்கிறார்.